இருபது பாகை

கிரென்ஹன் தெற்கில் கடைசி றெயில் போன பிறகும்
எங்களுக்கு வேலை மிச்சம் இருக்கும்.
அளவுக்கூடத்தின் கதவில் எழுதியிருக்கிறது:
இருபது பாகை. எப்போதும் இருபது பாகை.
வெளியே ஜனவரி என்னவும் செய்துகொள்ளட்டும்.

சனிக்கிழமை எனக்குச் சோதனை.
அறுபத்திரண்டு கலைச்சொற்கள்.
வெள்ளை மேலங்கியின் பையில் நாலாய் மடித்த தாள்,
இடப்பக்கம் டொச்,
வலப்பக்கம் நான் எனக்காகப் போட்டுக்கொண்ட தமிழ்.

பாதுகாப்பு இருப்பு:
வராது என்று நினைப்பது வந்துவிட்டால் என்று வைத்திருப்பது.
பக்கத்தில் சின்னதாய்: வீட்டில் அரிசி, இரண்டு பை, எந்நாளும்.
மறுகட்டளைப் புள்ளி:
முடிந்த பிறகு அல்ல,
முடியப்போகிறேன் என்று தட்டு சொல்லும் இடம்.
வழங்கு காலம்:
கேட்ட நாளுக்கும் கிடைத்த நாளுக்கும் நடுவில் கிடப்பது.
என் வதிவிட அனுமதிக்கு
ஒன்பது வருடம், நாலு மாதம்.
உதாரணமாக அதை எழுதினால் புள்ளி தருவார்களோ தெரியாது.

அவுஸ்ஷுஸ் என்ற சொல்லுக்குத்தான் சிரித்தேன்.
கழித்து எறியும் உருப்படிக்கும் அதுவே பெயர்,
கூடியிருந்து முடிவெடுக்கும் குழுவுக்கும் அதுவே பெயர்.
கோயில் நிர்வாகசபைக் கூட்டத்துக்கு
இரண்டு முறை போய்வந்தவள் நான்.
மனப்பாடம் தேவைப்படவில்லை.

பதினொன்றரைக்கு பெஸ்னிக் தள்ளிக்கொண்டு வந்தான்:
உருக்கு ஊசிகள், ஆயிரத்து இருநூறு,
நீளம் நாற்பது மில்லிமீற்றர்,
கூடினால் ஐந்து மைக்ரோன், குறைந்தால் ஐந்து.
ஆறு மணிக்கு லொறி.
"எண்பதைப் பார் தர்சி, கையெழுத்தைப் போடு."

எண்பதில் ஒன்று பிழைக்கலாம்.
இரண்டு பிழைத்தால்
ஆயிரத்து இருநூறும் சிவப்புப் பெட்டிக்கு.
இதற்கு மாதிரித் திட்டம் என்று பெயர்.
ஒருத்தியைப் பார்த்து ஓர் இனத்தையே எடைபோடுகிறவர்களும்
இதைத்தான் செய்கிறார்கள்,
எண்பது வரை எண்ணாமல்.

முப்பத்தேழாவது ஆறு மைக்ரோன் கூட.
சரி, அது ஒன்று.
எழுபத்தொன்றாவதும் ஆறு.
பெஸ்னிக் ஒன்றும் சொல்லவில்லை.
மணிக்கூட்டைப் பார்த்தான்.
அவனுக்காக அது சொன்னது.

சிவப்புச் சீட்டில் திகதி எழுதியாயிற்று.
பெயர் எழுதப் போகையில்தான் கண்டேன்,
இடுக்கி மேசையில் கிடக்கிறது.
கையுறை அதன் பக்கத்தில்.
நாற்பத்தேழாவது சொல்லை முணுமுணுத்துக்கொண்டு
அந்த ஊசியை உள்ளங்கையில் பொத்தி
எவ்வளவு நேரம் நின்றேனோ.

உருக்கு நீளும். கையின் சூடு போதும் அதற்கு.

கருங்கல் தட்டில் கிடத்தினேன்.
இருபத்தைந்து நிமிடம்.
முப்பத்தேழாவதையும் பக்கத்தில் வைத்தேன்,
நியாயம் என்று ஒன்று இருக்கிறதே.
எழுபத்தொன்று மூன்றுக்கு இறங்கியது.
முப்பத்தேழு, ஆறியும் ஆறு.

ஒன்றுதான் பிழைத்தது.
தவறுவதற்கும் தப்பி வாழ்வதற்கும்
ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியில்
இதை எப்படி எழுதினாலும்
இரண்டு முறை வாசிக்க வேண்டியிருக்கிறது.

பச்சைச் சீட்டு ஒட்டினேன்.
"இவ்வளவு நேரம் என்ன செய்தாய்?"
"ஒன்றும் செய்யாமல் இருந்தேன்,
அதுதான் வேலை" என்றேன்.
பெஸ்னிக் தலையை ஆட்டி வண்டியைத் தள்ளினான்,
ஒரு சில்லு மட்டும் கீச்சிட்டபடி.

தாளின் அடியில் இன்னொரு வரிக்கு இடம் இருந்தது.
அறுபத்துமூன்று, கைச்சூடு:
அளப்பவரிடமிருந்து அளக்கப்படுவதற்குப் போவது.
டொச் பக்கம் காலியாகவே இருக்கிறது.
விடியமுதல் அளவுக்கூடத்துக்கு வருகிற லூத்தியிடம்
கேட்டுப் பார்க்கலாம்,
அவர் கோப்பியைக் குடித்து முடித்த பிறகு.